கரண்டு கொடி

நனைந்திருக்கிறதா, குளிர்ந்திருக்கிறதா என்று தெரியவில்லை. விரல் நுனியால் தொட்டால் ஈரம் மாதிரி இருக்கிறது. உள்ளங்கையை விரித்து வைத்தால் ஈரம் இல்லை, சும்மா சில்லென்றுதான் இருக்கிறது என்று தோன்றுகிறது. என் கையை நான் நம்புவதில்லை. சர்க்கரை வந்ததிலிருந்து விரல் நுனியும் பாதமும் பாதி மரத்துவிட்டன, எதைக் கேட்டாலும் தெரியாது என்கிற ஆபீஸ் குமாஸ்தா மாதிரி ஆகிவிட்டன. அதனால் குனிந்து கன்னத்தை வைத்துப் பார்த்தேன். கன்னமும் சில் என்பதோடு நிறுத்திக்கொண்டது. எங்கள் காங்கேயத்தில் இந்தக் கேள்வியே வராது. காய்ந்தது என்றால் சுடும், சுடவில்லை என்றால் இன்னும் காயவில்லை, அவ்வளவுதான் கணக்கு. கொப்பரைக் களத்தில் மேஸ்திரியாக ஆயுசு பூராவும் தேங்காய் காயவைத்தவன் நான். இங்கே லீட்ஸ் நகரத்தில், மகன் வீட்டில், இரண்டாவது மாடியில், ஒரு படுக்கை விரிப்பு காய்ந்துவிட்டதா என்று சொல்லத் தெரியாமல் அதன்மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு நிற்கிறேன். வெட்கக்கேடு. ஆனால் உண்மையான வெட்கக்கேடு அது இல்லை. இந்த விரிப்பை நனைத்தது நான். காலையில் எல்லோரும் கிளம்பிப் போனபிறகு குளிருக்குப் போர்த்திக்கொண்டு கொஞ்சம் படுக்கலாம் என்று படுத்தேன். எழுந்தபோது இடுப்புக்குக் கீழே நனைந்திருந்தது. முதலில் அதுவும் குளிர் என்றுதான் நினைத்தேன். படுக்கையில் ஒன்றுக்குப் போயிருக்கிறேன், எழுபத்திரண்டு வயதில். சொல்லிவிட்டேன், மனசுக்குள்தானே, யார் கேட்கப்போகிறார்கள்.

இது மூன்றாவது தடவை. முதல் தடவை கொஞ்சம்தான், மருமகள் வினோதினி தலை காயவைக்கிற மிஷினை எடுத்து ஊதிக் காயவைத்துவிட்டேன். இரண்டாவது தடவை சொம்புத் தண்ணீர் கொட்டிவிட்டது என்று சொன்னேன். "போச்சாதுங்க மாமா, தண்ணிதானுங்க" என்று அவளே விரிப்பை உருவி மிஷினில் போட்டாள். முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. அவள் முகத்தில் எப்போதுமே ஒன்றும் தெரியாது, நல்ல பெண். மூன்றாவது தடவையும் சொம்பு கவிழ்ந்தது என்றால் எந்த மடையனும் நம்பமாட்டான். நம்பாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நான் பேத்தி தாரிகாவின் அறையில் படுக்கிறேன், அடுக்குக் கட்டில், மேலே அவள், கீழே நான். பிள்ளை வளர்கிறாள், அப்பாவுக்கு ஹாலில் சோபாக் கட்டிலைப் போட்டுவிடலாம், எழுந்து போகவும் வசதி என்று என் மகன் சம்பத் ஏற்கெனவே ஒரு தடவை பேச்சை எடுத்தான். இருக்கட்டுமே என்று வினோதினி சொன்னதால் நின்றது. இது தெரிந்தால் நிற்காது. நிற்கவும் கூடாது, மூத்திர வாடை அடிக்கிற அறையில் பிள்ளையைப் படுக்கவைக்க யார் சம்மதிப்பார்கள், நானே சம்மதிக்கமாட்டேன். ஆனால் விளக்கை அணைத்தபிறகு மேல் கட்டிலிலிருந்து ஒரு சின்னக் கை கீழே தொங்கும். "அப்பாரு, இருக்கியா?" என்பாள். எங்கள் பக்கம் அப்பாவைப் பெற்றவருக்கு அப்பாரு, பெற்றவளுக்கு ஆத்தா என்றுதான் பெயர். நான் கையை நீட்டி ஒரு விரலைப் பிடிப்பேன். இருக்கிறேன் என்று அர்த்தம். அந்த ஒரு விரல் மட்டும் சூடா குளிரா என்று எனக்குச் சந்தேகமே வராது. என் வீட்டுக்காரி துளசிமணி போனபிறகு எனக்கு மிச்சம் இருப்பது அதுதான். அதை இழக்க எனக்கு இஷ்டம் இல்லை, வேறு எது போனாலும் போகட்டும்.

வேறு விரிப்பு எடுத்துப் போடலாமே என்றால், அது மகனும் மருமகளும் படுக்கிற அறை அலமாரியில் இருக்கிறது. அவர்கள் இல்லாதபோது அந்த அறைக்குள் போய் அலமாரியைத் திறக்க என்னால் முடியாது, செத்தாலும் முடியாது. துவைக்கிற மிஷின் இருக்கிறது, ஆனால் அதில் இருக்கிற படங்கள் ஒன்றும் புரியாது, ஒரு தடவை கதவைச் சாத்திக்கொண்டால் அதுவாகப் பார்த்துத் திறந்தால்தான் உண்டு. அதனால் குளியல் தொட்டியில் வெந்நீரைத் திருப்பி, சோப்பைப் போட்டு, உள்ளே இறங்கி மிதித்தேன். பாதத்துக்கு ஒன்றும் தெரியாததால் வெந்நீர் எவ்வளவு சூடு என்றும் தெரியவில்லை, பார்த்தபோது கால் சிவந்திருந்தது. மிதித்தது சரி, பிழிவதுதான் முடியவில்லை. இவ்வளவு பெரிய துணியைப் பிழிய இரண்டு பேர் வேண்டும். துளசிமணியும் நானும் பவானி ஜமுக்காளத்தைப் பிழிவோம், அவள் ஒரு முனை, நான் ஒரு முனை, அவள் வலப்பக்கம் முறுக்க நான் இடப்பக்கம் முறுக்க, நடுவில் தண்ணீர் கொட்டும். "இழுத்துப் புடிங்க, பூ கட்டறாப்பல புடிக்கறீங்க" என்பாள். அவள் கையில் அவ்வளவு பலம். கடைசியில் அந்தக் கைதான் முதலில் விழுந்தது, சரி, அது எதற்கு இப்போது. இங்கே ஒரு முனையைக் குளியலறைக் கதவின் கைப்பிடியில் கட்டி மறுமுனையை நான் முறுக்கினேன். கைப்பிடி எதிர்ப்பக்கம் முறுக்குமா, அது சும்மா நின்றது. கதவுதான் ஆடியது. சொட்டச் சொட்டத்தான் தூக்கிக்கொண்டு வந்தேன், வழியெல்லாம் தண்ணீர், அதைத் துண்டால் துடைத்தேன், துண்டு நனைந்தது, இப்போது துண்டும் காய வேண்டும். ஒன்றை மறைக்க ஒன்று என்று ஈரம் பெருகிக்கொண்டே போகிறது. என் கைலியைப் பற்றிக் கவலை இல்லை, அதைத் தினமும் நானே அலசிப்போடுகிறவன், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

இந்தக் கரண்டு கொடியைப் போன மாசம்தான் சம்பத் வாங்கிவந்தான். வெள்ளைக் கம்பிகள், இரண்டு பக்கமும் றெக்கை மாதிரி விரியும், சுவரில் செருகி சுவிட்சை அமுக்கினால் சிவப்பு விளக்கு எரியும், கொஞ்ச நேரத்தில் கம்பி வெதுவெதுக்கும். இங்கிலீஷில் என்னமோ பெயர் சொன்னான், எனக்கு வாயில் நுழையவில்லை, கரண்டு கொடி என்றேன், வீட்டில் எல்லோருக்கும் அதுவே பெயர் ஆகிவிட்டது. பால்கனியில் துணி போடக்கூடாதாம், கட்டிடத்துச் சட்டம். போட்டாலும் என்ன, அங்கே காய்வதற்கு வெயில் எங்கே இருக்கிறது. கார்த்திகை மாசம், சூரியன் இங்கே ஒப்புக்கு வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகிற ஆள். சம்பத் அன்றைக்குக் கம்பியைத் தொடச்சொல்லி, "எப்பிடிங்ப்பா, உங்க களத்துச் சூடு வருதா?" என்று கேட்டான். வருது என்றேன். எங்கே வருகிறது. களத்துச் சூடு என்பது வேறு. சிமெண்டுத் தரையில் செருப்பில்லாமல் கால் வைக்கமுடியாது, எண்ணெய் வாடை மூக்கை அடைக்கும், பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஓட்டிலிருந்து பருப்பைக் கெந்தி எடுப்பார்கள், நான் ஓலைத் தொப்பியோடு திட்டிக்கொண்டே நடப்பேன். அந்த வெயிலை நான் ஒரு நாளும் விரும்பியதில்லை, உண்மையைச் சொன்னால் சனியன் என்றுதான் சொல்வேன். இங்கே வந்து அதற்காக ஏங்குகிறேன் என்று யாராவது நினைத்தால் தப்பு. எனக்கு வேண்டியது அரை மணி நேர வெயில், இந்த விரிப்பு அளவுக்கு ஒரு துண்டு, போதும். இந்தக் கம்பி, தான் தொடுகிற இடத்தை மட்டும் காயவைக்கும், கம்பிக்குக் கம்பி நடுவில் இருப்பது அப்படியே கிடக்கும், நகர்த்தி நகர்த்திப் போடவேண்டும். அதிலும் இது நான்கு மூலையிலும் ஜட்டி மாதிரி எலாஸ்டிக் வைத்த விரிப்பு. நடுவில் இழுத்தால் மூலை சுருண்டுகொள்கிறது, மூலையைப் பிரித்தால் நடுவில் மடிகிறது. இதற்கு இடம் வேண்டுமே என்று காலையில் வினோதினி போட்டுவிட்டுப் போன தாரிகாவின் பள்ளிக்கூடப் பாவாடையையும் காலுறைகளையும் எடுத்து நாற்காலி முதுகில் போட்டிருக்கிறேன். அவை இன்னும் ஈரம். அது நிச்சயமாக ஈரம், அது எப்படியோ எனக்குத் தெரிகிறது, இது தெரியவில்லை.

ஜன்னலைப் பார். கண்ணாடி பூராவும் வேர்த்திருக்கிறது. விரிப்பிலிருந்து போன தண்ணீர் எல்லாம் அங்கே போய் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. உள்ளே நுழைகிற யாருக்கும் பார்த்ததும் தெரிந்துவிடும், இந்த வீட்டில் இன்றைக்கு என்னமோ பெரிசாக நனைந்திருக்கிறது என்று. துடைத்தேன், மறுபடி வேர்த்தது. சரி என்று ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைத்தேன், குளிர் காற்று வந்து கண்ணாடி தெளிந்தது, ஆனால் விரிப்பு சில்லென்று ஆகிவிட்டது. ஜன்னலைச் சாத்தினால் வேர்க்கிறது, திறந்தால் குளிர்கிறது. குளிர்ந்தால் காய்ந்ததா என்று தெரியாது. காய்ந்ததா என்று தெரியாமல் எடுத்து மெத்தைமேல் போட்டு, ஈரமாக இருந்து, ராத்திரி வாடை வந்தால் என்ன செய்வது. மெத்தையைத் திருப்பிப் போட்டுவிட்டேன், அது பரவாயில்லை. எல்லாம் இந்தத் துணிதான். கன்னத்தை எடுத்து, மேல் உதட்டை வைத்துப் பார்த்தேன், துளசி அப்படித்தான் பார்ப்பாள், உதட்டுக்கு ஈரம் பொய் சொல்லாது என்பாள். உதடும் சில்லென்கிறது. அப்போதுதான் சந்தேகம் வந்து குனிந்து சுவிட்சைப் பார்த்தேன். சிவப்பு விளக்கு எரியவில்லை. எப்போது அணைந்தது? கம்பியைத் தொட்டேன், பச்சைத் தண்ணீர் மாதிரி இருக்கிறது. தானாக அணைந்துகொள்ளுமாம், சம்பத் அன்றைக்குச் சொன்னான், தீப்பிடிக்காமல் இருப்பதற்காம், நான்தான் காதில் வாங்கவில்லை. இவ்வளவு நேரம் அணைந்த கம்பியில் துணியைப் போட்டுவிட்டுப் பாராக் காவல் காத்திருக்கிறேன். அமுக்கினேன், எரிந்தது. எனக்கு என்மேல் கோபம் வரவேண்டும். வரவில்லை. பயம்கூடப் பெரிசாக இல்லை, பயப்படவேண்டும் என்று தெரிகிறது, அவ்வளவுதான்.

துளசி போன அன்றைக்கும் இப்படித்தான். அழவேண்டும் என்று தெரிந்தது. வாசலில் பந்தல் போட்டார்கள், சேர் வந்தது, ஐஸ் பெட்டி வந்தது, ஆட்கள் வந்தார்கள், நான் எல்லோருடைய கையையும் பிடித்து, உட்காருங்க, காப்பி குடிச்சீங்களா என்று கேட்டேன். என் தங்கச்சி யாரிடமோ, "அண்ணனுக்கு நெஞ்சு கல்லுங்க, ஒரு சொட்டுத் தண்ணி வல்ல பாருங்க" என்றாள், எனக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னாள். கல் இல்லை. ரொம்ப நேரம் மடித்து உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமே, அந்த மாதிரி. கால் இருக்கிறது, கண்ணுக்குத் தெரிகிறது, கிள்ளினால்தான் தெரிவதில்லை. மரத்த கால் சித்த நேரத்தில் சரியாகிவிடும் என்று நானும் காத்துக்கொண்டுதான் இருக்கிறேன். மாசங்கள் போய்விட்டன. காரியம் முடிந்து அவளுடைய சேலைகளைப் பெண்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள், அது வழக்கம், பட்டு இன்னாருக்கு, பூனம் இன்னாருக்கு என்று ஒரே பேச்சு. நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். எல்லாம் முடிந்து உள்ளே போனபோது பீரோ காலி. அந்த நீலச் சேலைகூட இல்லை. வெளுத்துப்போன பழசு, அதை யார் எடுத்தார்கள் என்று தெரியவில்லை, கேட்கவும் இல்லை, தரை துடைக்க யாராவது எடுத்திருப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

அந்த நீலச் சேலை ஏன் வெளுத்தது என்று எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும். அவளுக்கு ஒரு பக்கம் விழுந்து, பேச்சு குழறி, கிட்டத்தட்ட ஒரு வருசம் கட்டிலிலேயே கிடந்தாள். என் பழைய வேட்டிகளைக் கிழித்துத்தான் அவளுக்கு அடியில் போடுவது. ஆள் வைக்கலாம் என்றார்கள், வேண்டாம் என்று நானே மாற்றினேன், நானே துவைத்தேன், வாசலில் கொடிகட்டி நானே காயப்போட்டேன். அசிங்கமாகவே தோன்றவில்லை, தேங்காய்க்குப் பதில் துணி, எனக்குக் காயவைக்கிற வேலைதானே. அவள் படுத்திருந்த இடத்திலிருந்து ஜன்னல் வழியாகக் கொடி தெரியும், கொடிக்கு அந்தப் பக்கம் ரோடு. ஒரு நாள் நல்லபடியாக இருந்த கையை ஆட்டி ஆட்டி என்னமோ சொன்னாள். "மே… சே… ல" என்றாள். சேலை மாற்றவேண்டுமா என்றேன், இல்லை என்று தலையை உருட்டினாள். "மேல. சேல." ரொம்ப நேரம் கழித்துத்தான் புரிந்தது. பெண்கள் உள்துணிகளைக் கொடியில் போட்டால் மேலே ஒரு துண்டையோ சேலையையோ விரித்து மூடிவிடுவார்கள், எல்லா வீட்டிலும் அப்படித்தான், கல்யாணமான நாள் முதல் பார்த்திருக்கிறேன், ஏன் என்று கேட்டதில்லை. ரோட்டில் போகிற சனம் பூராவும் தன்னுடைய மூத்திரத் துணியைப் பார்த்துக்கொண்டு போகிறதே என்று இத்தனை நாள் படுத்தபடி பார்த்துக்கொண்டே கிடந்திருக்கிறாள். அன்றைக்கே அந்த நீலச் சேலையை எடுத்தேன். காய்ந்த சேலையைக் கொடியில் போட்டால் பார்க்கிறவர்களுக்குத் தெரியாதா, அதனால் தினமும் அந்தச் சேலையை வெறுமனே தண்ணீரில் முக்கி, பிழிந்து, துணிகளுக்கு மேலே விரித்துவிடுவேன். யாரும் கட்டாத சேலை, தினமும் நனைந்து தினமும் காய்ந்தது. கொடியின் மேல் மடிந்து விழுகிற இடத்தில் நெடுகிலும் வெளுத்துப்போய் ஒரு வெள்ளைப் பட்டை விழுந்துவிட்டது. விரித்துவிட்டு ஜன்னலைப் பார்த்துத் தலையாட்டுவேன். அவளும் தலையாட்டுவாள். அந்தச் சித்திரையில் வினோதினி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து ஒரு மாசம் இருந்தாள், அப்போது ஒரு சாயங்காலம் மழை வருகிறாற்போல இருக்க, நான் கடைக்குப் போயிருந்த நேரத்தில் அவளே கொடியிலிருந்து எல்லாவற்றையும் எடுத்து மடித்து உள்ளே வைத்திருந்தாள். துணிகள் தனியாக, சேலை தனியாக.

போன் அடித்தது. சம்பத். இந்த நேரத்துக்குத் தினமும் கூப்பிடுவான், இருந்தாலும் யாரோ கதவைத் தட்டினாற்போலத் திடுக்கென்றது. திடுக்கென்றதே, பரவாயில்லை, அதாவது வேலை செய்கிறது.

"சாப்டீங்களாப்பா?"

"ஆச்சு சாமி." சாப்பிடவில்லை.

"குளுருதுங்களா? சொன்னீங்கன்னா ஹீட்டர இங்கிருந்து போன்லயே போட்டு உட்டர்றேன்."

"வேண்டாம் வேண்டாம், எனக்கென்ன குளுரு" என்றேன். எதற்கெடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி வாய் பழகிவிட்டது. சொன்ன பிறகுதான் உறைத்தது, சுவரில் இருக்கிற ஹீட்டர் எரிந்தால் அதன்மேலும் ஒரு மூலையைப் போட்டிருக்கலாம். மடையன். இனி மாற்றிச் சொன்னால் ஏன் என்பான்.

"அப்பறம், வினோ இன்னைக்கு வெரசா வந்துருவா. பள்ளிக்கூடத்துல என்னமோ மீட்டிங்காம், புள்ளைகள நேரத்துலயே உட்டர்றாங்களாம். இப்பக் கௌம்பீருப்பா."

சரி என்றேன். சரி சாமி, வச்சர்றேன் என்றேன். போனை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். ஓடவேண்டும், தலை காயவைக்கிற மிஷினை எடுக்கவேண்டும், என்னமாவது செய்யவேண்டும். கால் எழவில்லை. அவளிடம் என்ன சொல்லலாம் என்று மட்டும் யோசனை ஓடியது. சொம்பு ஆகிவிட்டது. காப்பி கொட்டிவிட்டது என்று சொல்லலாம், இல்லை, டீ, டீ என்றால் நம்புவாள், நான் அடிக்கடி குடிக்கிறவன். ஆனால் டீ கொட்டினால் கறை இருக்குமே, இதில் கறை எங்கே. சோப்புப் போட்டதில் போய்விட்டது என்றால், டீக் கறை அவ்வளவு லேசில் போகுமா என்று அவளுக்குத் தெரியாதா. ஒரு ஓரத்தில் கொஞ்சம் டீயை ஊற்றிவிட்டால்? எழுந்துபோய் டீ போட்டேன். உண்மையாகவே போட்டேன், தேயிலையைக் கூடப் போட்டுக் கடுமையாக, கறை நன்றாகப் பிடிக்கட்டும் என்று. கோப்பையை எடுத்துக்கொண்டு வந்து விரிப்பின் பக்கத்தில் நின்றேன். ஒரு நாள் பூராவும் பாடுபட்டுக் காயவைத்த துணியில் டீயை ஊற்றப்போகிறேன், அதுவும் அது காய்ந்ததா இல்லையா என்றே தெரியாமல். ஊற்றினால் மறுபடி நனையும். நனைந்தால் இன்றைக்குக் காயாது. காயாவிட்டால் ராத்திரி எனக்கு விரிப்பு இல்லை, விரிப்பு இல்லாவிட்டால் ஹால், சோபா. எங்கே சுற்றினாலும் சோபாவில்தான் வந்து முட்டுகிறது. ஆனால் டீ என்று தெரிந்தால் சோபா இல்லை, டீ சுத்தமான விஷயம், யாருக்கும் வெட்கம் இல்லை. கோப்பையைச் சாய்த்தேன். கை சாயவில்லை. துவைத்த துணியில் அழுக்குப் படவிடக்கூடாது என்று எங்கேயோ இந்தக் கைக்குள் இருக்கிறது. கடைசியில் டீயை நானே குடித்துவிட்டேன். நன்றாக இருந்தது. இவ்வளவு கடுமையாக நான் குடிப்பதில்லை. குடித்துக்கொண்டிருக்கும்போதே கீழே லிஃப்ட் சத்தம் கேட்டது, பிறகு சாவி, பிறகு தாரிகாவின் குரல், யாரோ ஒரு பெண் அவளுடைய பென்சிலை எடுத்துக்கொண்டதைப் பற்றி.

வினோதினி உள்ளே வந்தவள் ஷூவைக் கழற்றக் குனிந்து, குனிந்தபடியே ஹாலைப் பார்த்தாள். நாற்காலி முதுகில் இருந்த பாவாடை, வேர்த்த ஜன்னல், கீழே துண்டு, கரண்டு கொடி, கரண்டு கொடியில் விரிப்பு, அதன் பக்கத்தில் காலிக் கோப்பையோடு நான். ஒரு பார்வையில் எல்லாம் பார்த்துவிட்டாள். நான் வாயைத் திறந்தேன். டீ என்று சொல்லவேண்டியவன், கோப்பையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். பள்ளிக்கூட வாத்தியார் முன்னால் நிற்கிறவனைப்போல நின்றேன். அவள் வந்து விரிப்பைத் தொட்டுப் பார்த்தாள், நடுவில், பிறகு ஓரத்தில், பிறகு மூலையில்.

"நடுவுலெல்லாம் எப்பவோ காஞ்சு போச்சுங்க மாமா" என்றாள். "குளுந்துட்டா ஈரமாட்டத்தான் தெரியும். இங்க வந்த புதுசுல எனக்கும் அப்பிடித்தானுங்க, காஞ்ச துணியவே நாள் பூராவும் காயப்போட்டுட்டு இருப்பேன். மூலைங்கதான் இன்னும் கொஞ்சம் காயோணும்."

எப்பவோ காய்ந்துவிட்டதாம். அவர்கள் வருவதற்குள் எடுத்துப் போட்டிருக்கலாம், மூலையை உள்ளே சுருட்டிவிட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. களத்து மேஸ்திரி. எனக்குச் சிரிப்பு வரும்போல இருந்தது, அதுவும் வரவில்லை. தாரிகா பையைக் கழற்றி எறிந்துவிட்டு இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தாள். வினோதினி அவள் வருவதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், விடுவிடுவென்று உள் அறைக்குப் போனாள். அலமாரிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் ஒரு சேலை இருந்தது. மடிப்பை உதறி விரிப்புக்கு மேலே, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், தரையைத் தொடுகிறாற்போல விரித்து மூடினாள். விரிப்பு எங்கேயும் தெரியவில்லை.

"மேல மூடி வெச்சா சூடு வெளிய போகாதுங்க மாமா. வெரசா காஞ்சுரும்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

நீலச் சேலை. நடுவில் நெடுகிலும் வெளுத்துப்போன பட்டை. காரியத்துக்கு வந்தவள் பட்டுச் சேலையையும் பூனம் சேலையையும் விட்டுவிட்டு இதைத்தான் எடுத்திருக்கிறாள். எடுத்து, மடித்து, பெட்டியில் வைத்து, கடல் தாண்டிக் கொண்டுவந்து அலமாரியில் வைத்திருக்கிறாள். அன்றைக்குக் கொடியிலிருந்து எடுத்து மடித்தவள் அவள்தானே, அடியில் என்ன இருந்தது, மேலே என்ன இருந்தது என்று தெரியாமலா மடித்திருப்பாள். சொம்புத் தண்ணீரும் தெரிந்திருக்கும். அதற்கு முந்தினதும் தெரிந்திருக்கும். தெரிந்துதான் இருக்கட்டும் என்றிருக்கிறாள், சோபாப் பேச்சு வந்த அன்றைக்கு.

"அம்மா, இது யாரு சேலை?" என்றாள் தாரிகா.

"ஆத்தாளுது கண்ணு. இப்பத்தான் தொவச்சுப் போட்டேன்."

தாரிகா சேலையை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். இந்த ஊரில் பிறந்த பிள்ளை, அவளை ஏமாற்றமுடியாது. "பொய். இது நனையவே இல்ல."

"ஈரந்தான். குளுருக்கு உனக்குத் தெரியல."

"இல்ல, காஞ்சிருக்கு. அப்பாரு, நீ சொல்லு. நீதான காயவெக்கறவன். ஈரமா, இல்லையா?"

கோப்பையைக் கீழே வைத்தேன். விரலால் தொடவில்லை. குனிந்து, வெளுத்த பட்டைமேல் கன்னத்தை வைத்தேன். அடியிலிருந்து கம்பியின் வெதுவெதுப்பு மேலே வந்துகொண்டிருந்தது. சேலை நன்றாகக் காய்ந்து, மொரமொரவென்று, பெட்டிக்குள் இருந்த அந்துருண்டை வாடையோடு இருந்தது. சந்தேகமே இல்லை, காய்ந்துதான் இருந்தது. கன்னத்தை எடுக்க நினைத்தேன், எடுக்க முடியவில்லை. மாசக்கணக்காக மரத்துக் கிடந்தது ஒரேயடியாக விடுபட்டது, மரத்த கால் விடும்போது வலிக்குமே, அப்படி வலித்தது. தோள் குலுங்குவது எனக்கே தெரிந்தது. வினோதினி பிள்ளையை அழைத்துப்போகவில்லை, பக்கத்திலேயே நின்றாள். தாரிகாவின் விரல்கள் என் காதுக்குப் பக்கத்தில் சேலையைப் பிடித்துக்கொண்டிருந்தன.

"அப்பாரு? சொல்லு."

"ஈரந்தான் அம்மிணி" என்றேன்.

அவள் என் கன்னம் இருந்த இடத்தில் கையை வைத்துப் பார்த்தாள். ஈரமாகத்தான் இருந்தது.